நடுவில் மூன்று பேர்

எங்கள் டீம் காமரேட்ஸ் இன்றைக்கு நடுவில் மூன்று பேரை இறக்கியிருக்கிறார்கள். விசில் ஊதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் கோல் வாய்க்கு எதிரே ஜோடியாக நிற்கும் இரண்டு ஃபார்வர்டுகளில் காஜா மட்டும் இடது கோட்டை ஒட்டி ஒதுங்கிப் போய் நின்றுகொண்டு காலுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான், இன்னொருத்தன் தனியாக நின்றான், ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் நிற்பவனைப் போல. நடுவில் வழக்கமான இரண்டு பேருக்குப் பின்னால் மூன்றாவதாக சகாயம். ஆக, பின்னால் நாலு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று, நாலு மூணு மூணு. இந்த சீசன் முழுக்க நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாறன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான். கோச்சுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாது, கேலரியில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் பேச்சு கோட்டைத் தாண்டி உள்ளே போவதில்லை, ஆனாலும் மாறன் ஜெயித்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. அவர் அப்படி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. லேசாகத் தொண்டையைச் செருமினார். அவிச்ச கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பாக்கலாம் மாமா" என்றார். பார்க்கலாம். ஆனால் நான் இன்றைக்குப் பார்க்க மட்டும் வரவில்லை, ஒன்றைச் சொல்லவும் வந்திருக்கிறேன். காலையில் என் மனைவி சுகுணா காபி டம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "கிரவுண்டுக்குப் போறீங்கல்ல" என்றாள். "ஆமா" என்றேன். "அவரும் வருவாருல்ல" என்றாள். கோர்ட் விவகாரம் முடிந்த இந்த மூன்று வருடமாக வீட்டில் 'கிரவுண்டு' என்று மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறேன், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. "நீங்களே சொல்லிடுங்க. வேற யார் வாயிலேர்ந்தாவது அவரு காதுல போய் விழறதுக்குள்ள." வருகிற புதன்கிழமை வயலூர் கோயிலில் தேன்மொழிக்குக் கல்யாணம். தேன்மொழி எங்கள் மகள். மாறன் அவளுடைய கணவராக இருந்தவர்.

எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கிறேன். 'தேனுவுக்குக் கல்யாணம்' என்றால் பொட்டில் அடித்த மாதிரி இருக்கும். 'தேனுவுக்கு ஒரு இடம் அமைஞ்சிருக்கு' என்றால் மனைக்கட்டு வாங்கின மாதிரி இருக்கிறது. 'மறுமணம்' பேப்பரில் வரும் சொல். 'ரெண்டாவது கல்யாணம்' என்று இவரிடமே எப்படிச் சொல்வது, முதலாவது இவர்தானே. வாக்கியத்தின் வால்கூட எப்படியாவது அமைந்துவிடும், தலைதான் அமையவில்லை. ஆறு வருடம் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டேன். வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, இன்னொரு தோசை போட்டுக்கங்க மாப்பிள்ளை. அந்தச் சொல்லுக்கு உரிமை போன பிறகு வேறு எதுவும் வாய்க்கு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. 'தம்பி' என்றால் பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி. ஆகவே மூன்று வருடமாக எந்த விளியும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். 'இங்க பாருங்க' என்று தொடங்குவேன், 'அதான் சொல்றேன்' என்று தொடங்குவேன். தமிழில் ஒருத்தரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் மூன்று வருடம் பேசிவிட முடியும் என்பது இதற்கு முன் எனக்குத் தெரியாது. அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'மாமா' என்பது பொதுச் சொத்து, பால்காரரைக்கூட மாமா என்று கூப்பிடலாம். பையன்கள் ஒருவனை ஒருவன் மாப்ள மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அது வேறு, என் வயதில் இந்த மனிதரைப் பார்த்து அதைச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். புதன்கிழமையிலிருந்து அந்த அர்த்தத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

எதிர் டீம் உறையூர் ஃபால்கன்ஸுக்கு ஒரு த்ரோ கிடைத்தது, உள்ளே எறிந்தார்கள், நடுவில் வாங்கியவன் திரும்புவதற்குள் சகாயம் வந்து முட்டிக்கொண்டு நின்றான், பந்து மறுபடி பின்னால் போனது. "பாத்தீங்களா மாமா, அவங்களால திரும்பவே முடியல" என்றார் மாறன். "திரும்ப முடியாட்டி போகட்டும்" என்றேன், "நமக்கு கோல் யாரு அடிக்கிறது? ஒத்தையா நிக்கிறானே, அவனா? ரெண்டு ஸ்டாப்பரும் அவனை நடுவுல போட்டுக் கரும்பு மாதிரி பிழியிறானுங்க." "காஜா ஓரத்துலேர்ந்து உள்ள வெட்டி வருவான் மாமா, அதுக்குத்தான் அவனை அங்க போட்டிருக்கு." "காஜா தலையால முட்டுறவன். அவனைக் கோட்டு ஓரமா ஓட விட்டா மூச்சுதான் வாங்கும்." எனக்கு அந்தப் பக்கத்துப் படியில் டெஸ்மண்ட் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ரயில்வே ஒர்க் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவன், வாலிபத்தில் ஒர்க் ஷாப் டீமில் ரைட் விங் ஆடியவன், குஞ்சிதபாதம் என்ற என் பெயரைச் சொல்ல முடியாமல் முப்பது வருடமாகப் 'பாதம்' என்று கூப்பிடுகிறவன். "என்னா மேன் பாதம், ரெண்டு பேரும் நடு நடுன்னு. வகிடா மேன் எடுக்குறாங்க அங்க? ஆட்டம் ஓரத்துல இருக்கு மேன். விங்! பந்தை விங்குக்குக் குடு, மீதிய கடவுள் பாத்துக்குவாரு." மாறன் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேர் நடுவில் ஆடினால் ஒருத்தன் முன்னால் ஏறும்போது இன்னொருத்தன் தனியாகிறான், திறந்து போட்ட வீடு மாதிரி எதிராளிகள் உள்ளே நடந்து வருகிறார்கள், இதுதான் மாறனின் கட்சி, போன நாலைந்து ஆட்டங்களில் அப்படித்தான் கோல் வாங்கினோம் என்பதும் உண்மை. எனக்கும் அது தெரியும். தெரிந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை, ஏனென்றால் கோல் வாய்க்கு எதிரே இரண்டு பேர் நின்றால்தான் எனக்கு ஆட்டம் ஆட்டமாகத் தெரிகிறது, ஒருத்தன் எம்பிக் குதித்துத் தட்டிவிட இன்னொருத்தன் உள்ளே தள்ளுவான் என்கிற எதிர்பார்ப்புக்காகத்தான் அரைமணி நேரம் சிமெண்டில் உட்கார்ந்து தொடை மரத்துப்போனாலும் எழுந்திருக்காமல் இருக்கிறேன். இரண்டு பேரில் ஒருத்தனைப் பிரித்துக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்துவது. வேண்டாம், இதையும் அதையும் முடிச்சுப் போடுகிற புத்தி எனக்குப் பிடிக்காது. ஃபார்மேஷன் ஃபார்மேஷன்தான், வீடு வீடுதான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தேன், அணைத்திருக்க வேண்டும், மனம் வரவில்லை. மாறன் அம்மாவோடும் அத்தையோடும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். பாலிடெக்னிக்கில் வாத்தியார், நல்ல குடும்பம், பேச்சு குறைவு என்று தரகர் சொல்லியிருந்தார். தேனு காபித் தட்டோடு வந்து நின்றபோது அவர் பார்த்தார், ஒழுங்காகத்தான் பார்த்தார், ஆனால் அவள் உள்ளே திரும்பிய பிறகு கண் ஒரு நொடி டிவிக்குப் போனது, அதை நான் பிடித்துவிட்டேன். "யாரு ஜெயிப்பா?" என்று கேட்டேன். "நீலச்சட்டை தோத்துரும்ங்க. நடுவுல ஆள் இல்ல" என்றார். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று சுகுணா பிறகு சொன்னாள், "வந்தவரு பொண்ணைப் பாத்தாரா டிவியைப் பாத்தாரா" என்றும் சொன்னாள். நீலச்சட்டை தோற்றது. தேனு சம்மதம் என்று சொன்னாள். கல்யாணம் நடந்தது. பிறகு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் குடிக்கவில்லை. அவளுக்குச் சென்னையில் வேலை உயர்ந்தது, அவருக்குப் படுத்த படுக்கையான அம்மாவை விட்டுப் போக முடியவில்லை, வாரா வாரம் வந்தவள் மாதம் ஒருமுறை வந்தாள், அப்புறம் தீபாவளிக்கு வந்தாள். அம்மா இறந்த பிறகாவது போவார் என்று பார்த்தோம். போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இல்லப்பா" என்று தேனு போனில் சொன்னாள், அழவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னாள். இங்கே இந்த மனிதர் ஆஃப்சைடு கோட்டைப் பற்றி என்னோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். ஒருத்தருக்குள் இருக்கும் பேச்சு எல்லாக் குழாயிலும் வராது போலிருக்கிறது. அதை நினைத்து ஒரு காலத்தில் தூக்கம் கெட்டிருக்கிறேன், இப்போது இல்லை, இப்போது யாரோ வீட்டுக் கதையைப் போல அதைத் திருப்பிப் பார்க்க முடிகிறது.

சொல்லிவிட வேண்டும். முதல் பாதி முடிவதற்குள் சொல்லிவிட்டால் இரண்டாம் பாதி கையில் இருக்கும். அல்லது ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்தத்துக்கு நடக்கும்போது சொல்லலாம், அப்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அப்போது டெஸ்மண்டும் கூட வருவான். அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். சத்தம் போடமாட்டார். அழுவாரா, அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூடத் துண்டால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். 'சரிங்க மாமா' என்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'சரிங்க மாமா' என்று சொல்லிவிட்டு ஆட்டம் முடியும்வரை மரியாதையாக உட்கார்ந்திருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடுவார். இந்தப் படியில் எனக்கு இந்தப் பக்கம் வெறும் சிமெண்ட் இருக்கும். அந்தச் சிமெண்டை என்னால் இப்போதே பார்க்க முடிகிறது, யாரோ துப்பிய கடலைத் தோல் இரண்டு, ஒரு எறும்பு. அந்த நேரத்தில் உறையூர்க்காரன் ஒருத்தன் எங்கள் பேக் வரிசையைத் தாண்டி உள்ளே ஓடினான், பந்து அவன் தலைக்கு மேல் வந்தது, அவன் கோல்கீப்பருக்கு முன்னால் தனியாக நின்றான், நான் எழுந்தேவிட்டேன். "ஆஃப்சைடு! மாப்பிள்ளை, ஆஃப்சைடு, லைன்ஸ்மேன் கொடியே தூக்கல பாருங்க!" என் குரல்தான். மூன்று வருடம் பல்லுக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்தது ஒரு உறையூர்க்காரனுக்காக வெளியே வந்து விழுந்துவிட்டது. கோலி பந்தைக் காலால் தடுத்துவிட்டான். நான் உட்கார்ந்தேன், காது சூடாக இருந்தது, அவர் பக்கம் திரும்பவில்லை. "ஆஃப்சைடு இல்ல மாமா" என்றார் மாறன், "நம்ம லெஃப்ட் பேக் உள்ளயே நின்னுட்டான், அவனாலதான் ஆன்சைடு ஆச்சு." அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல்லை அவர் கேட்டாரா, கேட்காத மாதிரி விட்டுவிட்டாரா, தெரியவில்லை. கடலை உரிக்கிற விரல் மட்டும் சற்று நின்றுபோய்ப் பிறகு உரித்தது. அல்லது நின்றதாக நான் நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் எல்லோரும் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார்கள், கோல் இல்லை, இரண்டு பக்கமும் பூஜ்யம். டெஸ்மண்ட் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி மூன்று பேருக்கும் கொடுத்தான். விவகாரம் நடந்த காலத்தில் அவன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் மகள் வீட்டில் இருந்தான், திரும்பி வந்த பிறகு அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இதையெல்லாம் எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வது. "உன் மாப்ள சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு பாதம்" என்றான், "நடுவுல மூணு பேரு போட்டதுக்கு அப்புறம் அவனுங்க உள்ள வரல. ஆனா நம்மளும் உள்ள போகல. வாசலைப் பூட்டிட்டுச் சாவியைத் தொலைச்ச மாதிரி." பிறகு மாறனைப் பார்த்து, "தேனு எப்படி மேன் இருக்கா? பாத்து ரொம்ப நாளாச்சு. ஊருக்கே வர்றதில்லயா?" என்றான். டீ சூடாக இருந்தது, நான் அதை ஊதிக்கொண்டிருந்தேன், ஊதுவதை நிறுத்தினால் வேறு எதையாவது செய்ய வேண்டியிருக்கும். "நல்லா இருக்கா அங்கிள்" என்றார் மாறன், "சென்னையில வேலை அதிகம்." பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் அதை இதற்கு முன்னும் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவு வழவழப்பாக வந்தது. அப்போது எனக்குத் தோன்றியது, புதன்கிழமைக்குப் பிறகு இந்த வாக்கியத்தை அவர் சொல்ல முடியாது. யாராவது கேட்டால் 'அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு' என்று ஒரு மாணவியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுகுணா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் எப்போதும் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொல்வது சரியாகவே இருக்கும்.

இரண்டாம் பாதி தொடங்கியது, காஜா இன்னும் இடது ஓரத்தில்தான். கோர்ட் முடிந்த வாரத்தில் நான் இதே படிக்கு வந்து உட்கார்ந்தேன், வேறு எங்கே போவது, வீட்டில் சுகுணா கல்யாண ஆல்பத்தைப் பரணில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாறனும் வந்திருந்தார், ஆனால் எதிர்ப்பக்கம், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நின்று பார்த்தார். மைதானத்தின் முழு அகலமும் எங்களுக்கு நடுவில் இருந்தது. நான் அவரைப் பார்க்காத மாதிரியும் அவர் என்னைப் பார்க்காத மாதிரியும் சில வாரம் போனது, பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டி வரும், பார்த்துவிட்டுப் பந்தைப் பார்த்த மாதிரி இருந்துகொள்வேன். ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் மழை கொட்டிவிட்டது. கூரை உள்ள இடம் இந்த கேலரியில் இந்த மூலை மட்டும்தான். எல்லோரும் ஓடி வந்தார்கள், அவரும் வந்தார், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, எனக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர், "சகாயம் ரொம்ப முன்னாடி ஏறிடறான்" என்றார். "ஆமா" என்றேன் நான், "பின்னால இருக்கிறவனுக்கு மூச்சு முட்டுது." மழை விட்ட பிறகு அவர் மரத்தடிக்குத் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு, விளக்கம், எதுவும் கிடையாது. நான் தேனுவைப் பற்றிப் பேசமாட்டேன், அவர் கேட்கமாட்டார், ஃபார்மேஷனைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தேனுவைக் கட்டிக்கொள்ளப் போகிற கௌதமனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேனுவின் ஆபீஸ்தான், மனைவியை இழந்தவர், போன மாதம் வீட்டுக்கு வந்தபோது எனக்காகச் சர்க்கரை போடாத பேரீச்சை உருண்டை வாங்கி வந்தார், மிக்ஸியில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறது என்று சுகுணா சொன்னதும் உட்கார்ந்து கழற்றிச் சரிசெய்தார். என்னை 'அங்கிள்' என்கிறார். தேனு அவரிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள், அவள் இவ்வளவு பேசுவாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போதும் சந்தோஷம்தான், அதில் சந்தேகமில்லை. சந்தோஷம் ஒரு இடத்தில் இருக்கிறது, இந்தப் படி வேறு இடத்தில் இருக்கிறது.

நடுவில் சகாயம் பந்தை நிறுத்தி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தான். "இப்ப காஜாவுக்குக் குடுக்கணும்" என்றார் மாறன், "குடுத்துட்டு அங்கேயே நிக்கக் கூடாது, பின்னாலேயே ஓடணும்." சகாயம் கொடுக்கவில்லை, கோலிக்கே திருப்பி அடித்தான். கேலரியில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். டெஸ்மண்ட், "விங் மேன், விங்!" என்று கத்தினான். எனக்கு முட்டி வலித்தது. டெஸ்மண்ட் கத்துகிற இந்தச் சத்தத்துக்குள் சொன்னால் அவனுக்குக் கேட்காது என்று ஒரு எண்ணம் வந்தது, அது வந்த கையோடு என் வாய் தொடங்கிவிட்டது, கட்டி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "புதன்கிழமை வயலூர்ல தேனுவுக்குக் கல்யாணம். சின்னதா வெக்கிறோம். உங்ககிட்ட நான்தான் சொல்லணும்னு…" என்று வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பந்து வெளியே போயிருந்தது, எடுக்கப் போயிருந்தார்கள், மைதானத்தில் எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாறன் மடியிலிருந்த கடலைத் தோலை ஒன்று சேர்த்துப் பொட்டலக் காகிதத்தில் வைத்து மடித்தார். நிதானமாக மடித்தார். "யாருங்க மாமா?" என்றார். "அவ ஆபீஸ்ல. கௌதமன்னு பேரு." "நல்லவரா?" "நல்லவருதான்." "ம்" என்றார். பிறகு 'சரிங்க மாமா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பந்து உள்ளே வந்துவிட்டது. "அவரு ஃபுட்பால் பாப்பாரா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் வாக்கியம் தயாராக இல்லை. "இல்ல" என்றேன், "கிரிக்கெட்டுதான். டிவியில." மாறனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க சும்மாதான் இருப்பீங்க" என்றார். "சும்மாதான் இருப்பேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும். பார்த்துக்கொண்டிருந்தோம் என்றால், கண் மைதானத்தில் இருந்தது. சிவப்பு பனியன்கள் இங்கும் அங்கும் போயின, வெள்ளை பனியன்கள் குறுக்கே வந்தன, விசில் கேட்டது, மறுபடி கேட்டது. பாலத்துப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடிவில்லாத வண்டி. மாறனின் கை முட்டி மேல் இருந்தது, விரல்கள் விரிந்திருந்தன, மோதிர விரலில் மோதிரம் இல்லை, எப்போது கழற்றினார் என்று யோசித்தேன், இத்தனை நாளில் நான் கவனித்ததே இல்லை. அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. இத்தனை கூட்டத்தில் ஒருத்தருடைய மூச்சு கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்டது, உள்ளே போய் அங்கேயே தங்கி, வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அவர் கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் தோளில் கை வைத்தேன், அதோடு சரி, நாங்கள் தொட்டுப் பேசுகிற ஜாதி இல்லை. கை என் தொடையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் கேலரி வெடித்தது. சுற்றிலும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி ஆட்டினான், யாரோ பின்னாலிருந்து என் முதுகில் ஓங்கித் தட்டினார்கள், மாறன் எழுந்தார், நானும் எழுந்தேன், இரண்டு பேரும் கைதட்டினோம். காமரேட்ஸ் கோல் போட்டுவிட்டார்கள். சிவப்பு பனியன்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குவிந்து கிடந்தன, அடியில் யார் என்று தெரியவில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம், அதோடு ஆட்டம் முடிந்தது. கூட்டம் இறங்கத் தொடங்கியது, நாங்கள் மூன்று பேரும் முட்டிக்காகக் காத்திருந்து கடைசியில் எழுந்தோம். எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது, சீசன் முழுக்கப் பேசிய பேச்சு, நடுவில் மூன்று பேரா, முன்னால் இரண்டு பேரா, இன்றைக்கு அது தீர்ந்திருக்க வேண்டும், அந்த கோல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாறன்தான் பார்த்திருப்பார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஓரத்துலேர்ந்து காஜா உள்ள வெட்டி வந்தானா?" என்று கேட்டேன், கேட்கிற மாதிரி இல்லாமல், ஒப்புக்கொள்கிற மாதிரி. மாறன் என்னைப் பார்த்தார். "நீங்க பாக்கலயா மாமா?" "நீங்க?" என்றேன். இரண்டு பேரும் படியில் நின்றோம், கீழே துப்புரவுக்காரம்மா விளக்குமாற்றால் கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு மாறன் டெஸ்மண்ட் பக்கம் திரும்பி, "அங்கிள், அந்த கோல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். டெஸ்மண்டுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொரு கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை என்று டாக்டர் தள்ளிப் போட்டிருக்கிறார், அந்தக் கண்ணுக்குப் பந்து பஞ்சு மிட்டாய் மாதிரி தெரிகிறது என்று அவனே சொல்வான். அவன் மகிழ்ந்துபோனான். "ரைட் விங் மேன்!" என்றான். கையை நீட்டிக் காட்டினான், அந்த மூலையிலிருந்து ஒருத்தன் பேக்கைத் தாண்டினான், கோட்டு வரை போனான், தலையைத் தூக்கிப் பார்த்தான், தாழ்வாக ஒரு பாஸ், உள்ளே இரண்டு பேர் ஓடி வந்தார்கள், முதலில் வந்தவன் விட்டுவிட்டான், வேண்டுமென்றே விட்டுவிட்டான், இரண்டாவது ஆள் தள்ளிவிட்டான். "ரெண்டு பேரா?" என்றேன் நான். "ரெண்டாவது ஆளு நடுவுலேர்ந்துதானே வந்தான்?" என்றார் மாறன். "நடுவுலேர்ந்து வந்தா என்ன, வந்து சேர்ந்தப்புறம் முன்னால ரெண்டு பேருதானே" என்றேன். "அது எப்படி மாமா, மூணு பேரு நடுவுல இருந்ததாலதானே ஒருத்தன் ஏறி வர முடிஞ்சுது." "அதான் சொல்றேன், ஏறி வந்து ரெண்டு பேராத்தானே அடிச்சாங்க." டெஸ்மண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒன் மினிட்" என்றான். "கண்ணு தெரியாதவன் நான் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் எங்க மேன் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" மாறன் குனிந்து ஸ்கூட்டர் சாவியைப் பாக்கெட்டில் தேடினார். "வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு அங்கிள்" என்றார். கார்த்திகை மாதம், மத்தியானத்திலிருந்தே மேகம் போட்டுக் கிடந்தது, திருச்சி முழுக்க ஒருத்தர் மேலும் வெயில் படவில்லை. "ஆமா" என்றேன் நான், "எனக்கும்."